கிரகணத்தோடு எழுந்த நிலா

1986 ஏப்ரலில் வந்த சந்திர கிரகணத்தின் நேர அட்டவணையை ஊர் படிப்பதற்கு இரண்டு நாள் முன்பே நான் படித்துவிட்டேன். மதுரையில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்ப்பது என் வேலை. மை காயாத நீளத் தாளில் நாலு வரிகள் இருந்தன. பிடிக்கும் நேரம் மாலை 4.33. முழுதாக மறையும் நேரம் 5.41. முழு மறைப்பு விலகத் தொடங்கும் நேரம் 6.44. விடும் நேரம் 7.52. அதற்குக் கீழே, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்று வழக்கமாகப் போடும் வரி. அந்த வரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். எனக்கு அப்போது ஏழாவது மாதம்.

அட்டவணையில் இல்லாத ஒரு நேரத்தை என் குறிப்பேட்டில் நானே எழுதிக்கொண்டேன். மதுரையில் அன்று நிலா எழுவது ஏறக்குறைய 6.27. பௌர்ணமியன்று சூரியன் விழும் நேரத்தில்தான் நிலா எழும். ஆக, கிரகணம் பிடிக்கும்போது நிலா நம் காலுக்குக் கீழே, பூமியின் அந்தப் பக்கம் இருக்கும். முழுதாக மறைந்த பிறகுதான் நம் கிழக்கில் ஏறும். மறைந்தபடியே எழும் நிலாவை நான் அதுவரை பார்த்ததில்லை. படம் எடுத்துவிடுவது என்று அந்த மேஜையிலேயே முடிவு செய்தேன்.

ஆசை மட்டும் காரணமில்லை. என் கணவரின் குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம். கிணற்றுப் பாசனம், பருத்தி, சோளம். அவர் மட்டும் மில் வேலைக்கு வந்து பசுமலையில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். அவருடைய அக்கா எனக்கு மதினி. மதினியின் மகளுக்கு ஒன்பது வயது. அந்தப் பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தவள். மூன்று வயதில் தைத்துவிட்டார்கள். ஒரு தழும்பும், சில எழுத்துகளில் மூக்கு வழியாக வரும் காற்றும் மிச்சம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கிரகணம்’. பிள்ளைகள் தாமாக வைத்த பெயர் இல்லை அது. மதினி மாசமாக இருந்தபோது ஒரு கிரகணத்தில் வெளியே வந்து அரிவாள்மனையில் காய் நறுக்கினாள் என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வைத்த பெயர். வெண்டைக்காய் என்று ஒருவர் சொன்னார், கத்தரிக்காய் என்று இன்னொருவர். ஒரு விவரம் ஆளுக்கு ஆள் மாறினால் அதை யாரும் நேரில் பார்க்கவில்லை என்பது பத்திரிகை ஆபீஸில் முதல் வாரத்தில் கற்கும் பாடம். பழைய இதழ்களின் கட்டை எடுத்து அந்த வருஷக் கிரகணத்தைத் தேடினேன். நடுராத்திரி தாண்டி வந்திருந்தது. நிலாவின் விளிம்பில் ஒரு கீற்றுதான் மறைந்திருந்தது. அந்த நேரத்தில் எழுந்து யார் வெண்டைக்காய் நறுக்குவார்கள் என்று யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் மாதத்தில் டாக்டரம்மா என்னிடம், இரு குடும்பத்திலும் யாருக்காவது உதட்டுப் பிளவு போல ஏதும் உண்டா என்று கேட்டார். கணவரின் அக்கா மகளுக்கு என்றேன். “அவ ஒருத்திக்குத்தானா?” என்றார். எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது, வந்தாலும் தைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் யாரும் எதுவும் பேசப்போவதில்லை. பிளவோடு பிறந்தால், நான் அறையைவிட்டு நகராமல் இருந்திருந்தாலும், எப்போதோ ஜன்னலைத் திறந்தேன் என்று ஒரு கதை வரும். மதினி ஒன்பது வருஷமாகச் சுமப்பதை நானும் சுமக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை வருவதானால், நிலாவைப் பார்த்த பிறகு வரட்டும் என்று எனக்குத் தோன்றியது.

என்னிடம் இருந்தது பழைய ரஷ்யக் கேமரா. கல்லைப் போலக் கனம். 135 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, அதை இரட்டிப்பாக்கும் டபுளர் ஒன்று. இரண்டையும் சேர்த்து மாட்டினாலும் படச்சுருளில் நிலா இரண்டரை மில்லிமீட்டர்தான் விழும், கடுகைவிடச் சற்றுப் பெரிது. அதற்கு முன் இரண்டு கிரகணங்களில் முயன்று தோற்றிருந்தேன். ஒன்றில் மேகம், இன்னொன்றில் கை நடுக்கம். இந்த முறை ஆபீஸ் போட்டோகிராபரிடம் முக்காலி கேட்டு வாங்கினேன். முழு மறைப்பின்போது ஷட்டரை நாலு விநாடி திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அட்டவணை இருந்தது. அதை எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டிக்கொண்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்காக மாமியார், மதினி, மதினியின் மகள் மூவரும் ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். கிரகணத்தன்று என் கணவருக்கு இரண்டாம் ஷிஃப்ட். கிளம்பும்போது, “எங்கம்மாட்ட நீயே பேசிக்க. நான் ஒண்ணும் சொல்லல” என்றார். கருத்துக் கூற மறுத்துவிட்டார் என்று செய்தியில் எழுதுவோமே, அது.

நாலு மணிக்கே மாமியார் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைப் புல்லைப் போட்டு வைத்தார். நாலரை தாண்டியதும் கூடத்தின் நடுவில் தாம்பாளத்தை வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, உலக்கையை அதில் செங்குத்தாக நிறுத்தினார். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாயும் என்பது நம்பிக்கை. மூன்றாவது முயற்சியில் நின்றது.

“நின்னுருச்சு பாத்தியா. பிடிச்சிருச்சு. நீ உள்ள போத்தா.”

“நிலாவே இன்னும் வரலயே அத்தை. ஆறரைக்குத்தான் வரும்.”

“வராட்டி என்ன. எங்கிட்டோ இருக்குல்ல. அங்கன பிடிச்சா இங்கன பிடிச்ச மாதிரித்தான்.”

“அப்ப அமெரிக்காவுல பிடிச்சாலும் நான் உள்ளதான் இருக்கணுமா?”

“அமெரிக்காக்காரி பேச்செல்லாம் எனக்கெதுக்கு. உன் வயித்துல இருக்கது என் மகன் புள்ள.”

“எனக்கும் புள்ளதான அத்தை.”

அவர் எழுந்து மாடிப்படி ஏறினார். மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முக்காலியை முந்தின நாளே பார்த்திருந்தார் போலிருக்கிறது. பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, உலக்கை சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்தார்.

மாடியைப் பூட்டியவர் வாசலைப் பூட்டவில்லை. மாசமாக இருப்பவள் கிரகணத்தில் தெருவில் இறங்குவாள் என்பது அவர் யோசனையில் இல்லை. மாடியில் நின்றிருந்தால் நாலைந்து வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பூட்டியதால் பசுமலையே பார்த்தது. ஐந்தே முக்காலுக்கு அவர் பின்கட்டுக்குப் போன நேரம், கேமராவை ஒயர் கூடையில் வைத்து, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியே நடந்தேன்.

டீக்கடை பாதிப் பலகை போட்டிருந்தது. பாய்லர் அணைந்திருந்தது. அதன் முன் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏம்மா, வீட்ல பெரியவுக யாரும் இல்லையா?” என்றார் ஒருவர்.

“இருக்காங்க. அவங்கதான் மாடியப் பூட்டிட்டாங்க.”

“அப்ப எங்க போறீக?”

“நிலாவப் போட்டோ எடுக்க.”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “மாப்ள, நீயும் போய் நில்லுடா. ராகு மாதிரித்தான இருக்க, கிட்டத்துல எடுத்துக்கிரட்டும்.”

“அண்ணே, நான் கேதுண்ணே. ராகு உங்க மச்சினன்.”

எல்லாரும் சிரித்தார்கள். கேலிக்கு இலக்கு நானில்லை என்றாலும் எல்லாருடைய பார்வையும் என் வயிற்றில்தான் இருந்தது. நான் முக்காலியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

பசுமலைக் குன்றுக்குக் கிழக்கே, சரிவு முடியும் இடத்தில், பிள்ளைகள் பந்தடிக்கும் பொட்டல் ஒன்று இருந்தது. அங்கிருந்து கிழக்கும் தென்கிழக்கும் தடையில்லாமல் தெரியும். அவனியாபுரம் பக்கம் பனைமரங்கள், அதற்கு அப்பால் கோடை வெயில் கிளப்பிய புழுதியின் மஞ்சள். திசைகாட்டியை வைத்து, கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே நிலா ஏற வேண்டிய இடத்தைக் குறித்து, முக்காலியை ஊன்றினேன். மணி 6.05.

என் முதுகுப் பக்கம் சூரியன் விழுந்தது. 6.27 ஆயிற்று. நிலா இல்லை. 6.30. இல்லை. வானம் அழுக்கு நீலமாக, பனைகளுக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு பட்டையோடு, காலியாக இருந்தது. செம்பு நிறத்தில் பெரிய தட்டாக ஒன்று எழும் என்று நான் மனதில் வைத்திருந்தேன். நிலா எழுந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கண்ணுக்கு நேர் எதிரில் அது இருந்தது. ஆனால் முழு மறைப்பில் இருக்கும் நிலாவின் ஒளியைவிட அந்தி வானத்தின் ஒளி அதிகம். அது எனக்கு உறைக்கவில்லை. கேமராவின் முதுகில் எழுதியிருந்தபடி நாலு விநாடி, நாலு விநாடியாக வெறும் வானத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டவணை இருண்ட வானத்துக்கு எழுதியது என்பது பதினோராவது படத்துக்குப் பிறகுதான் தோன்றியது.

அப்போது மதினி வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

“அம்மா ஒன்னையக் கூட்டியாரச் சொல்லுச்சு.”

“வாரேன் மதினி. ஏழு அம்பத்திரண்டுக்கு.”

அவர் அதட்டவில்லை. லென்ஸ் பார்த்த திசையில் பார்த்தார். “எங்க நிலா?”

“வந்திருக்கு. தெரிய மாட்டேங்குது.”

“தெரியாத நிலாவுக்கா இம்புட்டுப் பேச்சு,” என்று முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. வானம் இன்னும் கொஞ்சம் இருள வேண்டும். கேமராவைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மூன்று வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“மதினி, அன்னைக்கு நீங்க என்ன காய் நறுக்குனீங்க?”

“ஒண்ணும் நறுக்கல.”

“வெளிய வந்தீங்கதான?”

“எங்கிட்டு வெளிய வாரது. பொழுது சாயவும் எங்கம்மா என்னைய நெல்லு ரூம்புல வச்சு வெளிய நாதாங்கி போட்டுருச்சு. விடிஞ்சுதான் தெறந்துச்சு. ஒண்ணுக்கு வருதுன்னேன், சட்டிய உள்ள தள்ளிட்டுப் போயிருச்சு. மூஞ்சியச் சொறியக்கூட இல்ல நான். மல்லாக்கப் படுத்து மச்சைப் பாத்துக்கிட்டே கெடந்தேன்.”

“அப்ப நறுக்குனதா யாரு சொன்னது?”

“எங்கம்மாதான்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பனைகளைப் பார்த்தபடியே பேசினார்.

“புள்ளையப் பாக்க வந்தவுக எல்லாம் எதுனால எதுனாலன்னு கேட்டாக. எங்கம்மா காய் நறுக்குனான்னு சொல்லிருச்சு. எனக்கு அப்ப வாயே வரல. பெறகு நெனச்சுப் பாத்தேன். நான் இல்லன்னு சொன்னா, அப்ப வேற எதுனாலன்னு கேப்பாக. எங்க வீட்டு ஆளுகளத் தோண்டுவாக. தம்பிகளுக்கு யாரு பொண்ணு குடுப்பா? ஒன்னையத்தான் குடுத்திருப்பாகளா?”

நான் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில் அது. என் கல்யாணம் அந்த வெண்டைக்காயின் மேல் நின்றிருக்கிறது. மதினி கை நீட்டினார். “அந்தா, அது என்னாது?”

பனைகளுக்கு நாலு விரற்கடை மேலே, நான் குறித்த இடத்துக்குச் சற்று இடப்பக்கம், நகத்தை வெட்டிப் போட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. நிலாவின் கீழ் விளிம்பு, கொஞ்சம் வலப்பக்கமாக. மணி 6.51. மறைப்பு விலகத் தொடங்கி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. புழுதியால் பிந்தித் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு, அதற்கு மேலே மிச்ச நிலாவும் தெரிந்தது. துருப்பிடித்த இரும்பின் நிறத்தில், உருண்டையாக. வழக்கமான நிலா தட்டுப்போல இருக்கும். இது பந்துபோல இருந்தது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

நாலு விநாடியை விட்டேன். அறுபதில் ஒரு பங்கு விநாடிக்கு மாற்றினேன். கை பட்டுக் கேமரா அதிராமலிருக்க, ஷட்டரைக் கேபிளால் அழுத்தினேன். 6.53, 7.00, 7.10. நேரத்தையும் அளவையும் சொல்லச் சொல்ல, நான் கேட்காமலேயே, மதினி குறிப்பேட்டை வாங்கி எழுதினார். மூன்றாம் வகுப்புவரை படித்தவர். எண்களைப் பெரிது பெரிதாக, ஒரு வரிக்கு இரண்டு கோட்டை அடைத்து எழுதினார். வெளிச்சம் கீழிருந்து மேலாக ஏறியது, செம்பில் பால் நிறைவதுபோல.

ஏழே காலுக்கு மதினியின் மகள் வந்தாள். “அம்மாச்சி வையுது. உலக்கை இன்னும் நிக்கிது. ரெண்டு பேரும் வாங்க.”

“நீ ஏன் வெளிய வந்த?” என்றார் மதினி.

“என்னையத்தான் ஏற்கெனவே பிடிச்சிருச்சே.”

ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பேருந்து போய்விட்டது என்பதுபோலச் சொன்னாள். நான் கேமராவைவிட்டு விலகி அவளைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“இதுதான் கிரகணமா?”

“ஆமா.”

“இதப் பாத்தா என்னையச் சொல்றாங்க?” என்றாள். மறுபடி பார்த்தாள். “இம்புட்டுத்தானா.”

7.52க்கு மேல் விளிம்பில் இருந்த கடைசி மங்கலும் போயிற்று. அதற்கும் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாமியார் வாசலில் நின்றார். தெருவுக்கே கேட்கும்படி பேசினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். வியர்த்திருந்ததால் ஊற்றிக்கொண்டேன். உலக்கையை அவரே கையால் சாய்த்து எடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் அதே இடத்தில் நிறுத்தினேன். இரண்டாவது முயற்சியில் நின்றது. பூண் சமமாகத் தேய்ந்த உலக்கை, நிற்கத்தான் செய்யும். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உலக்கையைச் சுற்றி ஒரு நடை வந்து பார்த்தார்.

“கிரகணம் இன்னும் முழுசா விடல,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஆபீஸ் டார்க்ரூமில் சுருளைக் கழுவினேன். முதல் பதினொன்றும் வெளிச்சம் கூடிப்போய், நெகட்டிவில் தார் பூசியதுபோலக் கறுப்பு. டார்க்ரூம்காரர் அதை விளக்குக்கு நேரே பிடித்து, “என்னக்கா, வானத்த வறுத்துட்டீக” என்றார். பின்னால் வந்தவற்றில் ஏழு தேறின. செய்தி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அச்சுக்குப் பிளாக் செய்தால் நிலா அச்சுப் புள்ளிகளோடு புள்ளியாகப் போய்விடும், கொசு அடித்த மாதிரி இருக்கும் என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். ஏழு நிலாவையும் ஒரே தாளில் வரிசையாகப் பிரிண்ட் போட்டு, வீட்டில் கூடத்துச் சுவரில், உள்ளே நுழைபவர் முதலில் பார்க்கும் இடத்தில் மாட்டினேன். வந்தவர்களுக்கெல்லாம், ஏழாம் மாசத்தில் நான் நின்று எடுத்தது என்று நானாகவே சொன்னேன். இன்னொருவர் வாயால் அது கதையாக மாறுவதற்கு முன் என் வாயால் செய்தியாகிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனியில் பிள்ளை பிறந்தான். நர்ஸ் துணியை விலக்கிக் காட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினார். எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. இடப்பக்க மேலுதட்டில் பிளவு, மூக்குத் துவாரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அண்ணம் முழுதாக இருந்தது. அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. நாலாவது மாதத்தில் தைத்தார்கள். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மாமியார் பிள்ளையைக் கையில் வாங்கினார். பார்த்தார். பிளவை ஒரு விரலால் மெல்லத் தொட்டார், அதையும் எழுதிவிட வேண்டும். பிறகு வார்டில் இருந்த எட்டுக் கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியா? கேமராவத் தூக்கிட்டுப் போனியே. இப்ப இந்தா, எடு போட்டோ.”

எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தன. எதிர்க் கட்டில்காரியின் அம்மா, “கிரகணமா?” என்று கேட்டார். “பின்ன?” என்றார் மாமியார்.

அடுத்த நாள் காலை ஒரு பயிற்சி டாக்டர் தாளும் பேனாவுமாக வந்தார். இருபத்து மூன்று வயது இருக்கும். நான் பால் பீய்ச்சி ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விகளுக்கு மாமியாரே பதில் சொன்னார். டாக்டர் எழுதி முடித்துத் தாளைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். தலைகீழாகப் படிப்பது எனக்குத் தொழில் பழக்கம். ஆங்கிலத்தில், தாய் கர்ப்பகாலத்தில் கிரகணம் பார்த்தவர் என்று இருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று அதன் கீழே.

“டாக்டர், அந்த ரெண்டு வரியையும் அடிங்க.”

“பாட்டி சொன்னதத்தாம்மா எழுதினேன். நீங்க கிரகணம் பாத்தது உண்மைதான?”

“உண்மைதான். ஏழு படம் எடுத்தேன். இன்னைக்குக் காலைல மூணு இட்லி சாப்பிட்டதும் உண்மைதான். அத எழுதலயே.”

அவர் பேனாவைத் திறந்து, மூடி, மாமியாரைப் பார்த்தார். யார் சொல்வதை எழுதுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில்தான் மதினி வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டார். நான் தாளில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். மதினி பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

“நான் கிரகணத்தன்னைக்கு நெல்லு ரூம்புக்குள்ள கெடந்தேன், டாக்டர். பூட்டுனது இந்தா இருக்க எங்கம்மா. என் மகளுக்கு ஒதடு பிளந்து பொறந்துச்சு. இவ பொட்டல்ல நின்னு நிலாவப் பாத்தா. இவ மகனுக்கும் பிளந்திருக்கு. ரெண்டையும் வச்சுப் பாருங்க. கிரகணத்துக்கு இதுல என்ன சோலி?”

“ஏன்டி, வாய மூடுறியா,” என்றார் மாமியார்.

“மூடித்தான இருந்தேன் ஒம்பது வருசமா. இனி எழுதிக்கிரட்டும். எங்கப்பாவுக்கு அண்ணன், டாக்டர். எங்களுக்குப் பெரியப்பா. அவருக்கு மேலொதட்டுல வெட்டு. பெரிய மீசையா வச்சு மறைச்சுக்கிட்டாரு. ஊரே அந்த மீசையப் புகழும்.”

“ஏன்டி, கடைசித் தம்பிக்கு இன்னும் பொண்ணு பாக்கல. குடும்பத்தத் தெருவுல இழுக்காத.”

“பாக்க வாரவுக தெரிஞ்சுக்கிட்டே வரட்டும். இன்னொருத்தி வந்து காய் நறுக்குனேன்னு பேரு வாங்க வேண்டாம்.”

டாக்டர் இரண்டு வரிகளையும் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் எழுதத் தொடங்கினார். மதினி நின்றுகொண்டே சொன்னார், அவர் குனிந்து எழுதினார். பெரியப்பா. பெரியப்பாவின் மகள் வயிற்றுப் பேரன் ஒருவன், திருமங்கலத்தில். தன் மகள். இப்போது இவன்.

“அப்புறம் எங்களுக்கெல்லாம் மூத்தது ஒண்ணு,” என்றார் மதினி. “எங்கம்மாவோட தலப்பிள்ள. அதுக்கு அண்ணமும் சேர்ந்து பிளந்து, பால் குடிக்க முடியாம, நாலு நாள்ல போயிருச்சு. அப்பவும் கிரகணம்னுதான் சொன்னாகளாம்.”

டாக்டர் நாலு நாள் என்று எழுதினார். தாளின் முன்பக்கம் முடிந்துவிட்டது. அவர் அதைத் திருப்பினார்.

“ஒம்பது நாள்,” என்றார் மாமியார்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

“நாலு இல்ல. ஒம்பது நாள் இருந்துச்சு. பஞ்சுல நனச்சுப் பால் விட்டேன். சரியா எழுதச் சொல்லு.”

டாக்டர் தாளைத் திரும்ப முன்பக்கம் புரட்டி, நாலை அடித்து, ஒன்பது என்று எழுதினார்.